புதுக்கோட்டையின் சரளைத் தடங்கள்

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டைச் சேர்ந்த மறையவன் ஒருவன் வருகிறான். உறையூரைக் கடந்து தெற்கே நடந்துகொண்டிருக்கும் கோவலன் அவனிடம் மதுரைக்குச் செல்லும் வழியைக் கேட்கிறான். கொடும்பை என்னும் ஊரின் பெருங்குளத்தை அடைந்ததும் வழி சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான் மறையவன். வலப்பக்கம் போனால் சிறுமலை. இடப்பக்கம் போனால் திருமால்குன்றமும் அதன் பிலமும் பொய்கைகளும். நடுவழி ஊர்களும் காடுகளும் இடையிட்டது. அங்கே வழிமறிக்கும் தெய்வம் ஒன்று உண்டு. வாசிப்பவர் மனம் இயல்பாக இடப்பக்க வழியின் அதிசயங்களில் போய் நின்றுவிடும். எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிப்பது வேறு. அந்த மறையவனுக்குப் பாதை தெரிந்திருக்கிறது. எந்தக் குளக்கரையில் எத்திசை திரும்ப வேண்டும், எந்த மலை எந்தக் கைப்பக்கம் தோன்றும் என்பதெல்லாம் நடந்து அறிந்தவனுக்கே வாய்க்கும் அறிவு.

கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூர் என்பதை அறிஞர் பலரும் ஏற்றிருக்கிறார்கள். திருச்சியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் செல்பவர்களுக்கு அது விராலிமலையைத் தாண்டியபின் சில நிமிடங்களில் பின்னால் போய்விடும் ஒரு பெயர்ப்பலகை. வரலாற்றில் ஆர்வமுள்ள சிலர் வண்டியைத் திருப்பி மூவர் கோயிலைப் பார்க்கிறார்கள். இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுத்த மூன்று தளிகளில் இன்று இரண்டு நிற்கின்றன. வடபுறத்துத் தளிக்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அரைமணி நேரம் பார்த்துவிட்டு மீண்டும் நான்குவழிச் சாலைக்கு ஏறிவிடுகிறோம். நாம் பார்த்தது கோயிலை. அந்த ஊர் அங்கே ஏன் இருந்தது, சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் இடையே அந்தச் சிறு வேளிர் குலம் எதைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு காலம் நிலைத்தது என்ற கேள்விகள் எழவே வாய்ப்பில்லை. அவற்றுக்கான விடை பாதையில் இருக்கிறது. சூலம்போல் பிரியும் வழிகளின் பிடியில் உட்கார்ந்திருந்த ஊர் அது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வரலாற்றுச் சின்னங்களை இணைக்கும் மண் பாதைகளும் சரளைத் தடங்களும் அச்சின்னங்களுக்கு இணையான வரலாற்று ஆவணங்கள் என்பதும், அவற்றை வாசிப்பதற்கு இன்று நம்மிடம் மிஞ்சியிருக்கும் சிறந்த கருவி சைக்கிள் என்பதும் என் எண்ணம். இலக்கிய நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது புன்னகைத்தார்கள். சைக்கிள் என்றால் உடற்பயிற்சி அல்லது வறுமை என்ற இரண்டு அடைப்புகளுக்குள்தான் நம் மனம் அதை வைத்திருக்கிறது.

மேலைநாடுகளில் கடந்த இருபதாண்டுகளில் ‘கிராவல் சைக்கிளிங்’ என்று ஒன்று பெருகியிருக்கிறது. தார்ச்சாலையின் வாகன நெரிசலை விட்டு விலகி, ஊர்ப்புறச் சரளைப் பாதைகளில் நெடுந்தொலைவு ஓட்டுவது. இதற்கென்று தனி வண்டிகள், தனிப் போட்டிகள். 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் முதல் உலகப் போட்டியும் நடந்துவிட்டது. கிராவல் என்ற சொல் புதுக்கோட்டைக்காரருக்குப் புதிதல்ல. கிராவல் மண், கிராவல் ரோடு, கிராவல் அடிப்பது என்று அன்றாடம் புழங்கும் சொல். இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணும் செம்பூரான் கல்லும் உதிர்ந்து உருண்டையான சரளையாகக் கிடக்கும் நிலம் அது. மழை பெய்தால் நீர் விரைவில் வடிந்துவிடும், சக்கரம் புதையாது. இந்தத் தனி வண்டிகளின் டயர் அகலம் பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர். நம் தந்தையர் ஓட்டிய 28 அங்குல ஹெர்குலிஸின் டயர் அகலம் 40 மில்லிமீட்டர். லட்சம் ரூபாய்க்கு இன்று விற்கப்படும் தத்துவத்தை அம்பத்தூர் ஆலை 1950களிலேயே கேரியரும் ஸ்டாண்டும் சேர்த்து விற்றுக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நார்த்தாமலையில் தொடங்கி, சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை வழியாக மேற்கே கொடும்பாளூர் வரை ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நேர்கோடுகளாக அளந்தால் சுமார் 40 கிலோமீட்டர். வளைந்து நெளிந்து போனால் அறுபதை நெருங்கலாம். விடியலில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் முடிக்கக்கூடியது, அவசரப்படாவிட்டால் இரண்டு நாள். இந்தச் சிறு நிலப்பரப்பில் ஈராயிரம் ஆண்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இடையிலே முழுவதும் மண் பாதையிலேயே போய்விடலாம் என்று சொல்லமாட்டேன். தார்ச்சாலையில் சில கிலோமீட்டர், பிறகு கண்மாய்க்கரை, பிறகு தைலமரக் காட்டின் ஓரத் தடம், மீண்டும் ஓர் ஊரின் சிமெண்ட் தெரு என்று மாறிமாறித்தான் வரும்.

நார்த்தாமலையின் மேலமலையில் ஏறியவர்கள் விஜயாலய சோழீச்சரத்தை மறக்கமாட்டார்கள். உள்ளே வட்டக் கருவறை, வெளியே சதுரச் சுவர், சுற்றிலும் சிறிய பரிவாரச் சன்னதிகள், எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குகைகள். முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி எடுத்த கோயில் என்றும், மழையால் சிதைந்த அதை மல்லன் விதுமன் புதுப்பித்தான் என்றும் கல்வெட்டு சொல்கிறது. சோழப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டதாகவே இருக்க வேண்டும். கட்டடக்கலைபற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாறை மேட்டில் நின்று நான்கு திசையும் பாருங்கள். குன்றுகள், குன்றுகளின் அடியில் நீர்நிலைகள், அவற்றுக்கு இடையே வெளிறிய செந்நிறக் கோடுகளாகத் தடங்கள். நார்த்தாமலை என்ற பெயரே நகரத்தார் மலை என்பதன் மரூஉ என்பார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவோடு தொடர்புடைய ஊர் அது. துறைமுகம் இல்லை, பேராறு இல்லை, தலைநகரும் இல்லை. இந்த வறண்ட பாறைக்காட்டில் வணிகர்களுக்கு என்ன வேலை? அந்தக் கோடுகள்தான் விடை. பொதிமாடுகளும் வண்டிகளும் போன வழியில் ஊர் எழுந்தது, ஊரில் பணம் சேர்ந்தது, பணம் கல்லாயிற்று.

பேருந்தில் வந்து இறங்கி மலையேறியவரும் இதே காட்சியைக் காணலாம்தான். ஆனால் மேலிருந்து பார்த்த கோட்டில் கீழிறங்கி மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு அது காட்சியாக இருப்பதில்லை. ஒரு குன்று கண்ணிலிருந்து மறையும்போது அடுத்தது தெரியத் தொடங்குகிறது. தாகம் எடுக்கும் தொலைவில் ஓர் ஊருணியோ கண்மாயோ வருகிறது. இந்த ஒழுங்கை உடல்தான் முதலில் கண்டுகொள்கிறது. நடப்பவருக்கு இது இன்னும் நன்றாகப் புலப்படும் என்பதை மறுக்கவில்லை; ஆனால் இன்று வேலையிலிருந்து இரண்டு நாள் விடுப்பெடுத்து வருபவருக்கு நடை கட்டுப்படியாகாது. காரிலோ இந்த ஒழுங்கே இல்லை.

கண்மாய்க்கரைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நூல்களில் நாம் காணும் புதுக்கோட்டை குடைவரைகளின், கற்றளிகளின் புதுக்கோட்டை. கரைமேல் ஓட்டுகிறவர் காணும் புதுக்கோட்டை நீரின் கணக்கு. பேராறு பாயாத இம்மாவட்டம் ஆயிரக்கணக்கான நீர்நிலைகளால் உயிர் வாழ்ந்தது. நீர் வற்றிய கண்மாய்களின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல் தூண்கள் தனியே நிற்பதைக் காணலாம். குறுக்கே கல் சட்டங்கள். குமிழித் தூம்பு என்று பெயர். அடியில் உள்ள கல் பெட்டியின் துளையை அடைத்திருக்கும் குமிழைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். துளையின் அளவே நீரின் அளவு. இத்தூண்கள் சிலவற்றில் தூம்பை அமைத்தவரின் பெயர் பொறித்த கல்வெட்டுகளும் இருக்கின்றன. எந்தச் சுற்றுலாக் கையேடும் உங்களை இவற்றிடம் அழைத்துப் போகாது. தார்ச்சாலையிலிருந்து இவை தெரிவதும் அரிது. ஒரு கோயிலின் தேவதானக் கல்வெட்டைப் படித்துவிட்டு, அது குறிக்கும் குளத்தின் கரையிலேயே அடுத்த ஊருக்குப் போகும் வாய்ப்பு அந்த மண் தடத்தில் மட்டுமே உண்டு.

சித்தன்னவாசலின் ஓவியங்கள் பலரும் அறிந்தவை. தாமரைத் தடாகமும் மீன்களும் யானைகளும் பூப்பறிக்கும் துறவிகளும் மங்கிப்போய், கண்ணைப் பழக்கினால் மட்டும் தெரிகின்றன. ஆனால் அதே குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாக்கப்பட்ட கல் படுக்கைகளில் ஒன்றின் அருகே இருக்கும் தமிழி எழுத்துகள் எனக்கு ஓவியங்களைவிட நெருக்கமானவை. எருமைநாட்டில் பிறந்த ஒருவருக்காக இளையர் செய்தளித்த இருக்கை என்பது அதன் சாரம். இன்றைய மைசூர்ப் பக்கத்தை எருமைநாடு எனக் கொண்டால், எங்கிருந்தோ நடந்து வந்த ஒரு துறவியின் படுக்கை அது. ஊரிலிருந்து விலகியும், பிச்சைக்கு நடந்து போய்த் திரும்பும் தொலைவிலும் அமைந்த இடம். பாதையை நீக்கிவிட்டு அந்தப் படுக்கையை எப்படிப் பொருள்கொள்வது?

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2010இல் ஒரு திருத்தம் வந்தது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பகுதி. தேவையான சட்டம், ஐயமில்லை. ஆனால் இதன் கண்ணில் வரலாறு என்பது 300 மீட்டர் ஆரமுள்ள வட்டங்களின் தொகுப்பு. நார்த்தாமலை ஒரு வட்டம், சித்தன்னவாசல் ஒரு வட்டம், மூவர் கோயில் ஒரு வட்டம். இரண்டு வட்டங்களுக்கு இடையே கிடப்பது வெறும் நிலம். அங்கே கல்குவாரி வரலாம், கிரஷர் வரலாம், கிராவலுக்காக மேட்டையே வெட்டி எடுக்கலாம், தடத்தின்மேல் வேலி போடலாம். நார்த்தாமலைச் சுற்றுவட்டாரத்தில் கல் உடைக்கும் தூசி காற்றில் மிதப்பதை அங்கு போன எவரும் அறிவர். மணிகளை மட்டும் பெட்டியில் பூட்டிவிட்டுச் சரட்டை அறுத்து எறியும் பாதுகாப்பு இது.

ஒரு எதிர்வாதம் உடனே எழும். எழவும் வேண்டும். நகரத்திலிருந்து விலையுயர்ந்த வண்டியோடு வரும் ஒருவருக்கு மண் பாதை அழகாகத் தெரியலாம். மழை நாளில் பிரசவத்துக்குப் பெண்ணைக் கொண்டுபோகும் குடும்பத்துக்கு அது சாபம். 2000த்தில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டமும் மாநில அரசின் திட்டங்களும் போட்ட தார்ச்சாலைகள் எத்தனையோ பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கின்றன. ஊரார் தார் கேட்கும்போது அழகியல் பேசுவது அற்பத்தனம். மனிதர் வாழும் ஒவ்வோர் ஊருக்கும் நல்ல சாலை வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

நான் பேசுவது மற்றத் தடங்களைப் பற்றி. கிராமத்தின் நிலஅளவை வரைபடங்களில் புள்ளிக்கோடுகளாகக் காட்டப்பட்டிருக்கும் வண்டிப்பாதைகள். ‘அ’ பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றும் குளக்கரை என்றும் எழுதப்பட்டிருக்கும் பொது நிலங்கள். மாட்டுவண்டி போனபோது அவற்றுக்குப் பயன் இருந்தது. இன்று உழவர் டிராக்டரில் தார்ச்சாலை வழியே சுற்றிப் போகிறார். பயன் நின்றதும் சீமைக்கருவேலம் முளைக்கிறது. ஐந்து ஆண்டில் பக்கத்து நிலக்காரரின் வரப்பு நகர்கிறது. பத்து ஆண்டில் அப்படி ஒரு பாதை இருந்ததைச் சொல்லும் கிழவரும் இல்லாமல் போகிறார். ஒரு பொதுப்பாதையைக் காப்பது காகிதம் அன்று, அதில் போகும் கால்கள். சில பத்துச் சைக்கிள்கள் ஆண்டு முழுதும் போய்வந்தாலே ஒரு தடம் தடமாக இருக்கும். ஆடு மேய்ப்பவருக்கும் அது உதவும்.

சைக்கிளை நகரத்தானின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்கள் புதுக்கோட்டையின் அண்மை வரலாற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது இம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். வயல் கூலிகள், குவாரித் தொழிலாளிகள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர். பி. சாய்நாத் எழுதிய செய்திக்கட்டுரை வழியாக அது உலகறிந்ததாயிற்று. பெண்களுக்கான வண்டி கிடைக்காமல் ஆண்களுக்கான வண்டியிலேயே ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதை ஆதாயமாகவே கண்டார்கள். கேலிகளைத் தாண்டி அவர்கள் ஓட்டிப் பழகியது இதே செம்மண் தடங்களில்தான். தண்ணீர்க் குடத்தோடு, விறகோடு, விளைபொருளோடு. அவர்களுடைய பேத்திகள் இன்று ஸ்கூட்டியில் போகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் மூவர் கோயிலுக்குப் பலகை வைத்த நாடு, இந்தத் தடங்களில் நடந்த அந்த விடுதலைக்கு ஒரு கல்லும் நடவில்லை. சரளைப் பாதை வரைபடம் ஒன்று வரையப்பட்டால், பல்லவர் காலம், சோழர் காலம் என்பவற்றோடு 1991உம் அதில் ஓர் அடுக்காக இருக்க வேண்டும் என்பேன்.

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்தில் சியேனாவைச் சுற்றி வெண்ணிறச் சரளைப் பாதைகள் உண்டு. அவை தாருக்குள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், 1997இல், கயோலே என்ற சிற்றூரில் ‘எரோய்க்கா’ என்ற பெயரில் பழைய சைக்கிள்களுக்கான பயணம் ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 2007 முதல் தொழில்முறை வீரர்களுக்கான போட்டியும் அப்பாதைகளில் நடந்து சியேனாவின் பெரும் சதுக்கத்தில் முடிகிறது. அங்கே வெண்பாதை என்பது காக்கப்படவேண்டிய சொத்தாகிவிட்டது. இதை அப்படியே இங்கே நகலெடுக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. நம் சூழலில் ஒரு விழா என்றால் பந்தல், பனியன், பிளெக்ஸ் பலகை, மந்திரி வருகை, மறுநாள் கண்மாய்க்கரை முழுக்கத் தண்ணீர் பாக்கெட் என்றுதான் முடியும். சுற்றுலா மேம்பாடு என்றால் நுழைவு வளைவும் பேவர் பிளாக்கும் என்று பொருள்கொள்ளும் துறைகளிடம் இத்தடங்களைக் கொடுப்பதற்கும் அஞ்சுகிறேன். தஸ்கனியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: சாலையையே பாரம்பரியம் என்று சொல்லத் துணிந்த அந்த எண்ணம்.

செய்யக்கூடியது எளிமையானது, செலவும் குறைவு. புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1929இல் அதன் கல்வெட்டுப் பாடங்கள் தொகுத்து அச்சிடப்பட்டன. 1938 முதல் 1944 வரை கே. ஆர். வேங்கடராம ஐயரின் பொறுப்பில் சமஸ்தானத்தின் விவரநூல் தொகுதிகளாக வெளிவந்தது. ஊர் ஊராகப் போய், கிடைப்பதையெல்லாம் எழுதி வைத்த உழைப்பு அது. ஒரு சிறு சமஸ்தானம் செய்ததை இன்று ஒரு மாவட்டத்தின் ஆசிரியர்களும் வாசகர்களும் செய்ய முடியாதா? வரைபடத்தின் புள்ளிக்கோடுகளில் எவை இன்றும் போகக்கூடியவை, எவை அடைபட்டவை என்று ஓட்டிப் பார்த்துக் குறிக்க வேண்டும். வழியில் உள்ள தூம்பு, ஐயனார் கோயில்காடு, கல்வட்டம், காளியாப்பட்டி, விசலூர், பனங்குடி போன்ற ஊர்களில் தனித்து நிற்கும் சிறு சோழர்காலத் தளிகள் அனைத்தையும் அதில் சேர்க்க வேண்டும். அடைபட்டவற்றைப் பட்டியலிட்டு வருவாய்த்துறையிடம் கொடுக்க வேண்டும். கைப்பேசி இருக்கும் எவரும் செய்யக்கூடிய வேலை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தை, மாசி மாதங்கள் உகந்தவை. பங்குனிக்குப் பிறகு பாறைகள் கொதிக்கும், ஐப்பசி கார்த்திகையில் கண்மாய்க்கரைகள் வழுக்கும். சரளையைவிடப் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். இரண்டு மாற்று டியூப்கள் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஐயனார் கோயில்காட்டுக்குள் வண்டியை ஓட்டிப் போகாமல் வெளியே நிறுத்துங்கள். விதைத்த நிலத்தின் வரப்பு தடம் ஆகாது. வழி தெரியாதபோது கைப்பேசியைப் பார்ப்பதற்கு முன் ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். கண்மாயைச் சுற்றிப் போகணுமா, உள்ளே குறுக்கால விழலாமா என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதலில் அன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் இடைப்பட்ட தடங்களை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. தொலைவு குறைவு. ஒரு முனையில் சித்தன்னவாசல் ஓவியம். மறுமுனையில் ஏழு பண்களின் சுரங்களை ஒரு பாறை முழுக்கப் பொறித்து வைத்த இசைக் கல்வெட்டு. ஓவியத்திலிருந்து இசைக்கு ஒரு காலைப்பொழுதில் போய்ச் சேர்ந்துவிடலாம். வரும் தையில் நாலைந்து பேர் சேர்ந்தால் போதும்.